முகம் சுளித்த விலை

என் அத்தானுடைய முகத்துக்கு விலை ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஒரு வருடத்துக் கொள்முதலை எடுத்து வைத்து, அந்த முகம் சுளிக்காமல் இருந்திருந்தால் என்ன விலை கொடுத்திருப்போம், சுளித்ததால் என்ன கொடுத்தோம் என்று கழித்துப் பார்த்து நானே போட்ட தொகை. முகத்தின் சொந்தக்காரர், குறைத்து மதிப்பிட்டுவிட்டேன் என்று இன்றைக்கும் சண்டைக்கு வருகிறார்.

தொழிலைச் சொல்லிவிடுகிறேன். குழாய், வால்வு, பாத்ரூம் சாமான்கள் மொத்த வியாபாரம். கடையில் அத்தானும் நானும் கூட்டு. அவருடைய முதலீடு பணம். என்னுடைய முதலீடு அக்கா.

எங்கள் தெரு முழுக்க இதே வியாபாரம்தான், தெருவுக்கென்று ஒரு சட்டமும் உண்டு. விற்க வந்தவர் விலையை ஒரே தடவை சொல்வார். அதற்குப் பிறகு இரண்டு தரப்பும் வாயைத் திறக்கக் கூடாது. மேஜை நடுவில் மாதிரிச் சரக்கு கிடக்கும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், உட்கார்ந்திருப்பார்கள். மின்விசிறி சுற்றும். விற்கிறவர் முதலில் பேசினால் விலையை இறக்கியாக வேண்டும். வாங்குகிறவர் முதலில் பேசினால் சொன்ன விலைக்கு எடுத்தாக வேண்டும். தெருவுக்குப் புதிதாய் வந்த ஒரு பாங்க் மேனேஜர் இரண்டு பேருக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்து, சமாதானம் செய்யப் போய், தேவையே இல்லாமல் நூறு பெட்டி வாஷ்பேசினுக்குச் சொந்தக்காரர் ஆகப் பார்த்தார்.

இந்த விளையாட்டுக்கு முகம் வேண்டும். அத்தானுக்கு இருந்தது முகம் இல்லை, ஷோரூம் கண்ணாடி. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். கனமான பித்தளைக் குழாய் ஒன்றைக் கையில் கொடுத்தால், பிள்ளை பிறந்த சேதி கேட்டவர் மாதிரி மலர்ந்துவிடுவார். எதிரே இருப்பவர் அதைப் பார்த்துக்கொண்டு சாவகாசமாய்க் கால்மேல் கால் போட்டுக்கொள்வார். அத்தான் வாங்கிய விலைக்கு எங்கள் தெருவில் தனிப்பெயரே வைத்திருந்தார்கள்: மாப்பிள்ளை விலை. நான் அவருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டுப் பார்த்தேன். கண் வலி என்று நினைத்து எல்லோரும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்களே தவிர விலை இறங்கவில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்கு எதிர்க்கடைக்காரரோடு ஒரு பந்தயம் வந்தது. எதிர்க்கடைக்காரர் பிளாஸ்டிக் குழாய் மட்டும் விற்பவர், ஆகையால் எங்கள் வீட்டில் அவர் பெயர் பிளாஸ்டிக். மூன்று மாதத்தில் யார் அதிகம் இளைக்கிறார்கள் என்பது பந்தயம். பிளாஸ்டிக் நாலு நாள் நடந்துவிட்டு, நடந்த களைப்பு தீர இரண்டு மடங்கு சாப்பிட்டார். அத்தானோ வெள்ளரிக்காயும் வெந்நீருமாக உயிரை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு கிலோ இறக்கினார். பேரத்தில் ஒரு ரூபாய் இறக்கத் தெரியாதவர் உடம்பில் அவ்வளவு இறக்கியதைத் தெருவே வியந்தது. ஜெயித்ததற்கு எடை பார்க்கும் மெஷின் ஒன்று பரிசு. கூடவே இலவசமாய் என்ன வந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

பந்தயம் முடிந்த குஷியில் வியாபாரிகள் சங்கத்தில் ஒரு மதிய விருந்து வைத்தார்கள். பொரித்த கோழி, வெண்ணெய் கேக், மேலே க்ரீம். மூன்று மாதக் கடனை அத்தான் ஒரே பந்தியில் வசூல் பண்ணிவிட்டுக் கடைக்கு வந்தார். அன்று சாயங்காலம் டை கட்டிய குழாய்க்காரர் ஒருவர் சரக்கோடு வந்திருந்தார். விலையைச் சொன்னார். பேச்சு நின்றது.

பத்து நிமிஷம் போயிருக்கும். அத்தானுடைய முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒன்று நடந்தது. மேலுதடு ஒரு பக்கமாய் ஏறியது. கண் பாதி மூடியது. மூக்கு, நாள்பட்ட மீனை முகர்ந்த மூக்கு ஆனது. டைக்காரர் தன்னுடைய குழாயைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், மறுபடி குழாயைப் பார்த்தார். பெற்ற பிள்ளையை எவரோ அவலட்சணம் என்று சொல்லிவிட்ட மாதிரி அவருக்கு முகம் விழுந்துவிட்டது. விலையை இறக்கினார். அத்தான் வலது கையை விலாவுக்குக் கீழே கொடுத்து அமுக்கிக்கொண்டு, தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டார். டைக்காரர் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு தரம் இறக்கினார். அதற்கப்புறம் அத்தான் நெற்றியை மேஜைமேல் வைத்துவிட்டார். இதைவிட ஒரு மனிதன் ஒரு விலையை எப்படி அவமானப்படுத்த முடியும்? மூன்றாவது தடவையாக இறக்கிவிட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் டைக்காரர் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் அத்தானை அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாரடைப்பு என்றுதான் நினைத்தோம். நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு, இருதயம் கடிகாரம் மாதிரி ஓடுகிறது, வாயுவாக இருக்கும் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் வலி தானாகவே விட்டது. விட்டதும் அத்தான் கேட்ட முதல் கேள்வி, "மாப்ள, கடைசியா என்ன விலைக்கு முடிஞ்சுது?"

சொன்னேன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அக்கா அந்த வாயுவை நம்பவில்லை. அதற்குப் பிறகு மூன்று ராத்திரி அவர் சுவரில் சாய்ந்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்ததை அவள்தான் பார்த்தாள். வலது விலாவில் பிடித்து, முதுகுக்குச் சுற்றி, தோள்பட்டையில் போய் நிற்கிற வாயுவைத் தான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை என்றாள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லி ஒரு ஸ்கேன் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த பெண் வயிற்றில் பசை தடவி, கருவியை உருட்டி, பித்தப்பை முழுக்கக் கல் என்றார். எத்தனை என்று அத்தான் கேட்டார். நிறைய என்றார் அந்தப் பெண். சரக்கை எண்ணாமல் ரிப்போர்ட் எழுதுகிற முறை எங்கேயாவது உண்டா என்று அத்தான் வாதம் பண்ண ஆரம்பித்ததும், பசையைத் துடைத்துக்கொள்ள ஒரு காகிதத்தைக் கையில் திணித்து வெளியே அனுப்பிவிட்டார்கள்.

சர்ஜன் ஐம்பது வயதுக்காரர். மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாக மேஜை டிராயரில் பிஸ்கட் வைத்திருந்தார். பேசும்போது நடுநடுவே டிராயர் திறந்து மூடும். நிதானமாய் விளக்கினார். கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது, அதைச் சேர்த்து வைக்கிற சின்னப் பைதான் பித்தப்பை. எண்ணெய்ச் சாப்பாடு உள்ளே போனால் பை சுருங்கி, பித்தநீரைக் குழாய் வழியாகக் குடலுக்குத் தள்ளும். பித்தநீரில் கொழுப்பு அளவு மிஞ்சினால் படிந்து கல்லாகிறது. பை சுருங்கும்போது கல் பையின் வாயில் வந்து அடைத்துக்கொள்கிறது, அதுதான் வலி. பருமனாக இருப்பவர்களுக்கு வரும், பெண்களுக்கு அதிகம் வரும், குடும்ப வழியாகவும் வரும் என்று சொல்லிவிட்டு, சமீபத்தில் வேகமாக இளைத்தீர்களா என்று கேட்டார்.

அத்தான் பெருமையாய் இருபத்திரண்டு கிலோ என்றார்.

"அப்ப பாதி கல்லு அதுல வந்திருக்கும்" என்றார் சர்ஜன். தடாலடியாக இளைத்தால் கல்லீரல் கொழுப்பைப் பித்தநீரில் கொண்டுவந்து கொட்டுமாம். பட்டினி கிடக்கிறவருக்குப் பையும் சரியாய்ச் சுருங்காது, உள்ளே இருப்பது தேங்கிப் போகுமாம். பந்தயத்தில் தோற்ற பிளாஸ்டிக் அந்த நிமிஷத்தில் எதிர்க்கடையில் நிம்மதியாய்க் கேக் தின்றுகொண்டிருந்திருப்பார்.

குழாய் என்ற வார்த்தை காதில் விழுந்த உடனே அத்தானுக்கு வைத்தியமும் தெரிந்துவிட்டது. தொட்டியில் கசடு இருந்தால் தொட்டியைக் கழுவ வேண்டியதுதானே, எதற்குத் தொட்டியையே கழற்றுவது என்றார். கல்லை மட்டும் எடுத்தால் அதே பையில் மறுபடி கல் பிடிக்கும், கெட்டுப் போனதே பைதான் என்றார் சர்ஜன். மாத்திரையில் கரைக்க முடியாதா? சில வகைக் கல் கரையலாம், வருஷக்கணக்கில் ஆகும், நிறுத்தினால் திரும்ப வரும். பக்கத்துக் கடைக்காரருக்குக் கிட்னிக் கல்லை வெளியிலிருந்தே உடைத்தார்களே? அது போகிற பாதை வேறு, இது வேறு. உடைத்தால் துண்டு போய்க் குழாயை அடைக்கும். பை இல்லாமல் மனிதன் எப்படி இருப்பான்? கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்குப் போகும், பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

பிறகு ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று சர்ஜன் சொன்னார். ஒரே தடவை சொன்னார். அத்தான் பழக்க தோஷத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டார். சர்ஜனும் பேசவில்லை. ஒரு பிஸ்கட் சாப்பிட்டு முடித்தார், மணியை அடித்தார், அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். தெருச் சட்டம் தெரியாத மனிதரோடு பேரம் பேசுவது அவ்வளவு கஷ்டம்.

வெளியே வரும்போது சர்ஜன் அக்காவை மட்டும் நிறுத்திச் சொன்னார்: "கல்லு எப்ப வேணா பெரிய குழாய்க்குள்ள இறங்கலாம்மா. இறங்குனா மஞ்சள் காமாலை வரும், கணையம் வீங்கும், கிருமி ரத்தத்துல ஏறும். ஆளே போயிடலாம். குளிர் ஜுரமோ, கண்ணு மஞ்சளோ தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வந்துடுங்க. அது வரைக்கும் காத்திருக்காதீங்கன்னுதான் சொல்றேன்."

அக்கா அதை வீட்டுக்கு எடுத்துவந்து தினமும் காலையில் ஒருமுறை, விளக்கணைத்த பிறகு ஒருமுறை சொன்னாள். அத்தான் தலையை ஆட்டினார். அடுத்த மாசம் என்றார். அடுத்த மாசம் வந்ததும், வருஷக் கொள்முதல் முடியட்டும் என்றார். நடுவில் தெருவில் ஒருத்தர் சொன்னார் என்று ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் டம்ளர் டம்ளராய்க் குடித்து, மறுநாள் பச்சை உருண்டைகள் விழுந்ததை டப்பாவில் போட்டு சர்ஜனிடம் கொண்டுபோனார். சர்ஜன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, பிஸ்கட் டிராயரை மூடினார். குடித்த எண்ணெய்தான் வயிற்றுக்குள் சோப்பாய் உருண்டு வந்திருக்கிறதாம். கல்லெல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறதாம்.

அக்காவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது. என் மூக்குதான் காட்டிக்கொடுத்தது. பெரிய கொள்முதல் இருக்கிற நாளில் பதினோரு மணிக்கு அத்தான் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவார். திரும்பி வரும்போது சட்டையில் பொரித்த எண்ணெய் வாடை இருக்கும். தெருமுனைக் கடையில் உருளைக்கிழங்கு வறுவல், பெரிய பொட்டலம், வெண்ணெய் தனியாக வாங்கித் தொட்டுக்கொள்வாராம். பன்னிரண்டரைக்குப் பேரம். ஒரு மணிக்கு வலி வந்து மேலுதடு ஏறும். முகத்தைப் பார்த்து விற்க வந்தவர் கலங்குவார்.

எல்லா நாளும் சரியாய் வராது. இரண்டு தடவை மேஜையில் வராமல் ராத்திரி படுக்கையில் வந்து, சரக்கு வீணாய்ப் போயிற்று என்று வருத்தப்பட்டார். வந்த நாட்களில் மட்டும் நாங்கள் ராஜா. தெருவில் மாப்பிள்ளை விலை என்ற பேச்சு மறைந்தது. வெளியூர் வியாபாரிகள் அவரைப் பார்க்க வரும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்கள். பிளாஸ்டிக்கே ஒருநாள் கடைக்குள் வந்து, முகத்தை அப்படி வைத்துக்கொள்ள எவ்வளவு நாள் பழகினீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

நிறுத்துங்கள் அத்தான் என்றேன். அப்புறம் என்றார். அக்காவிடம் சொல்லிவிடுவேன் என்றேன். வால்வு கம்பெனிக் கொள்முதல் ஒன்று மட்டும் முடியட்டும், அடுத்த நாளே போய்ப் படுத்துவிடுகிறேன் என்று என் தலையில் கை வைத்தார். என் தலைதானே, தைரியமாய் வைத்தார்.

வால்வு கம்பெனி எங்கள் ஊரிலேயே பெரியது. முதலாளி ஒரு அம்மாள். ஒல்லியாய், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடியோடு இருப்பார். அவர் அறையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் பட்டறை. செய்து முடித்த வால்வு ஒவ்வொன்றையும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, உள்ளே காற்றை ஏற்றுவார்கள். எங்காவது ஓட்டை இருந்தால் குமிழி வரும். அந்த அம்மாள் இங்கே பேசிக்கொண்டிருக்கும்போதே கண் அங்கே குமிழி தேடிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு அத்தான் பொட்டலத்தை முடித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் வழியிலேயே ஒரு மாதிரி இருந்தார். இரண்டு நாளாய் உடம்பெல்லாம் அரிக்கிறது, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போகிறது, வெயில்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அம்மாள் விலையைச் சொன்னார். பேச்சு நின்றது.

முகம் சுளித்தது. வழக்கத்தைவிட அருமையாய்ச் சுளித்தது. நான் மனதுக்குள் பெட்டிக்கு எவ்வளவு இறங்கும் என்று போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். அம்மாள் அத்தானை ஒரு தொட்டியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரே பேசினார். எனக்கு உள்ளே மத்தாப்பு. ஆனால் பேசியது விலை இல்லை.

"எத்தனை மாசமா இருக்கு?"

"எது?" என்றார் அத்தான். வாங்குகிறவர் வாயைத் திறந்தாயிற்று.

"விலாவுக்குக் கீழ வலது பக்கம். தோள்பட்டைக்கு ஏறுதா?" என்றார் அம்மாள். "எனக்கும் இருந்துச்சு. நாலு தழும்பு இருக்கு, காட்டச் சொல்லாதீங்க."

நான் எதையாவது எடுத்துவிடப் பார்த்தேன். அவர் கையை உயர்த்தி என்னை அமர்த்திவிட்டு, இந்த வலியோடு மனிதன் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று தனக்குத் தெரியும், ஆகையால் தனக்கு அவசரமே இல்லை, நீங்கள் உட்கார உட்கார விலை ஏறிக்கொண்டே போகும் என்றார். எங்கள் தெருச் சட்டத்தை ஓரமாய் வைத்துவிட்டு அப்படியே ஏற்றவும் செய்தார். ஒரு வருடமாக எங்களுக்காக உழைத்த முகம், ஒரே மதியத்தில் கட்சி மாறிவிட்டது. அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏசி போட்ட அறையில் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது, பிறகு நடுங்க ஆரம்பித்தது. நாற்காலியே தடதடத்தது. அம்மாள் மூன்றாவது தடவை ஏற்றுவதற்கு வாயைத் திறந்தவர், தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேஜைக்கு மேலே குனிந்தார். அத்தானுடைய கீழ் இமையை, அனுமதி கேட்காமல், கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார்.

"பேரம் முடிஞ்சுது. உங்களுக்கு நான் விக்கலை."

"ஏங்க?" என்றார் அத்தான், பல் தந்தியடிக்க.

"கண்ணு மஞ்சளாயிருக்கு. மூணு மாசக் கடன்ல சரக்கு கேக்கறீங்க. பாக்கியைக் குடுக்க ஆள் இருக்கணுமில்ல."

கம்பெனி வேனை அவரே வரவழைத்தார். வேனுக்குள் வால்வுப் பெட்டிகளுக்கு நடுவே அத்தானைப் படுக்க வைத்தோம். உடம்பு கொதித்தது. உதடு வறண்டிருந்தது. அந்த நிலையிலும் தலைமாட்டில் இருந்த அட்டைப்பெட்டியின் சீட்டைப் படித்துவிட்டு, "மாப்ள, வெளிநாட்டுக்கு நம்மளவிடக் கம்மி விலைக்குப் போகுது பாரு" என்றார். அதன் பிறகு பேச்சு நின்றுவிட்டது. அது பேரத்து மௌனம் இல்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

அக்கா நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கல் ஒன்று பெரிய குழாயில் இறங்கி அடைத்து, பித்தம் ரத்தத்தில் ஏறி, தேங்கிய இடத்தில் கிருமியும் சேர்ந்துவிட்டது என்றார்கள். ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, அன்றைக்கே வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, குடலின் பக்கமிருந்து நுழைந்து அடைத்திருந்த கல்லை இழுத்து எடுத்தார்கள். கடைசியாய் என்ன சாப்பிட்டார் என்று நர்ஸ் கேட்டபோது, பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். சொன்னேன். எத்தனை நாளாய் என்று அக்கா கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வராந்தா ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு கார் நிறுத்துகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜுரம் இறங்கியது. கண் வெளுத்தது. நாலாம் நாள் அத்தானுக்குப் பசி வந்தது, பசியோடு பழைய குணமும் வந்தது. சர்ஜன் வந்து, இதோடு பையையும் எடுத்துவிடலாம், வீட்டுக்குப் போய்விட்டால் மறுபடி இதே கதை, அடுத்த தடவை இவ்வளவு நல்லபடியாய் முடியும் என்று எழுதிக் கொடுக்க முடியாது என்றார். அடைப்புதான் எடுத்தாகிவிட்டதே, தண்ணீர் ஓடுகிற குழாயை எந்தப் பைத்தியக்காரன் தோண்டுவான் என்றார் அத்தான். யோசித்துச் சொல்வதாய்ச் சொல்லி அனுப்பிவிட்டார். நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது என் கையைப் பிடித்தார்.

"வலி போச்சுன்னா பழைய மூஞ்சி வந்துடும் மாப்ள. மறுபடியும் எல்லாரும் கால்மேல கால் போட்டு உட்காருவானுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷம் தெருவே தன்னைப் பார்த்துச் சிரித்ததை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

கதவு பாதி திறந்திருந்தது. அக்கா எவ்வளவு நேரமாய் நின்றாள் என்று தெரியாது. உள்ளே வந்தாள். கட்டிலுக்கு மேலே இழுத்து வைக்கிற சாப்பாட்டு மேஜையை இருவருக்கும் நடுவில் தள்ளினாள். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள்.

"நாளைக்குக் காலையில ஆபரேஷன்."

வாயை மூடிக்கொண்டாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தேன். அக்கா ஒருநாளும் கடை மேஜையில் உட்கார்ந்தவள் இல்லை. ஆனால் அந்த மேஜையின் கதைகளை இருபது வருஷமாய்ச் சாப்பாட்டோடு சாப்பாடாய்க் கேட்டவள். அத்தான் சிரித்துக்கொண்டார். தலையணையைச் சரி பண்ணிக்கொண்டு, சரி, பார்த்துவிடலாம் என்பது போல அவரும் வாயை மூடிக்கொண்டார்.

நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். ஏதாவது சண்டையா என்று என்னைக் கண்ணால் கேட்டுவிட்டுப் போனார். அக்கா கத்தியை எடுத்து ஆப்பிளை ஒரே சுருளாய்த் தோல் சீவினாள். மெல்லிசாய் நறுக்கினாள். மேஜையின் அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு அன்றைக்குத் தெளிந்த கஞ்சித் தண்ணீர் மட்டும்தான். ஒவ்வொரு துண்டாய் அவளே சாப்பிட்டாள். கறுக் கறுக் என்று சத்தம் கேட்டது. முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. எங்கள் தெருவில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அது இவ்வளவு நாளும் வீட்டில் சும்மா இருந்திருக்கிறது.

அத்தான் தன்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார். மேலுதட்டை ஏற்றினார், கண்ணைப் பாதி மூடினார், கையை விலாவில் வைத்தார். வலி இல்லாமல் செய்த சுளிப்பு. அவரைத் தவிர எவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. ஆனால் அசலை ராத்திரி ராத்திரியாய் முதுகைத் தடவிக்கொண்டே பார்த்தவளிடம் போலியைக் காட்டினால் விலை போகுமா? அக்கா அடுத்த துண்டைக் கடித்தாள்.

உதடு மெதுவாய்க் கீழே இறங்கியது. அவர் அவளுடைய கையைப் பார்த்தார். கத்தி பிடித்த கை லேசாய் நடுங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் வராத குமிழி கையில் வந்துகொண்டிருந்தது. நல்ல வியாபாரியாய் இருந்தால் அந்த இடத்தில்தான் அழுத்தியிருப்பார்.

"நாளன்னிக்கி வச்சுக்கலாமா?" என்றார்.

வாங்குகிறவர் பேசிவிட்டார். அக்கா வாயில் இருந்ததை மென்று முடித்தாள்.

"நாளைக்கு."

வெளியே வந்து வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் அழுததை அத்தானிடம் நான் சொல்லவில்லை. பேரம் முடிந்த பிறகு கொள்முதல் விலையை வெளியே சொல்லக் கூடாது.

மறுநாள் வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, பையைக் கிளிப் போட்டு அறுத்து எடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பை பழைய தோல் செருப்பு மாதிரி தடித்துப் போயிருந்ததாம், இன்னும் விட்டிருந்தால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று சர்ஜன் சொல்லிவிட்டு, அக்கா கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டை டிராயருக்குள் வைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில், தலையணை இரண்டு முட்டுக் கொடுத்து உட்கார்ந்தபடி, அத்தான் என்னைக் கூப்பிட்டுக் கணக்கைக் கேட்டார். ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டியது முழுக்கக் கட்டியாயிற்று. வால்வுக் கொள்முதல் பிளாஸ்டிக்கின் கைக்குப் போய்விட்டது. அந்த அம்மாள் வேனுக்கு வாடகை வாங்க மாட்டேன் என்றுவிட்டார், அடுத்த வருஷம் வலி இல்லாமல் வரச் சொல்லுங்கள், நியாயமாய்த் தோற்கடிக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆகக்கூடி எவருக்கும் பைசா பாக்கி இல்லை என்று அத்தான் கண்ணை மூடினார்.

"எனக்கு?" என்றாள் அக்கா, வாசற்படியில் நின்று.

அவர் கண்ணைத் திறந்தார். எவ்வளவு என்று கேட்டார்.

"தானா வர்ற வலின்னு நம்பி ராத்திரியெல்லாம் முதுகு தடவுனேன். வேணும்னே தின்னுட்டு வந்து என் மடியில படுத்து முனகியிருக்கீங்க. இதுக்கு என்ன போடறதுன்னு எனக்கே தெரியலை" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "இனிமே எங்க வலிச்சாலும் முதல்ல எனக்குச் சொல்லணும். மறைக்காம. சாகற வரைக்கும்."

நியாயமான விலை என்றார் அத்தான். தவணைதானே, கட்டிவிடலாம் என்றார். ஒப்பந்தம் முடிந்த உற்சாகத்தில், பாத்ரூம் போவதற்காகத் துணையில்லாமல் தானே எழுந்தார். பாதி எழுந்ததும் தையல் இழுத்தது. முகம் ஒரு பக்கமாய்க் கோணிக்கொண்டு போயிற்று.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

எழுதிக்கொண்டேன். ஆஸ்பத்திரி, தீர்ந்தது. தெரு, தீர்ந்தது. அக்கா: முதல் தவணை, பாக்கி.